கண்ணாடி ஃபியூஸ்

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் டிராக்டரில் வந்தது. தர்மபுரியிலிருந்து பெட்டிகளை ஏற்றிவந்த லாரி அவற்றைப் பாலக்கோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து எங்கள் ஊருக்குக் கொண்டுவர வேறு வண்டி அகப்படாமல், சர்க்கரை ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டிராக்டர் ஒன்றைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அட்டைப் பெட்டிகளின் மேலெல்லாம் கரும்புச் சோகை ஒட்டிக்கிடந்தது. மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்த பக்கம் கீழே இருந்தது.

"என்னாங்க டீச்சர் இது, இவ்ளோ பெரிய பொட்டியில கனமே இல்ல" என்று டிரைவர் கேட்டார்.

கம்ப்யூட்டர் என்றேன். அவர் பெட்டியைக் கொஞ்சம் மரியாதையோடு கீழே வைத்தார். அந்தப் பள்ளியில் அதற்குக் கிடைத்த மரியாதை ஏறக்குறைய அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடையில் இருந்த ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கணவர் அதே ஊரில் உரக்கடை வைத்திருந்தார். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. அப்போது இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை.

கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று முதலில் வந்தது ஒரு சுற்றறிக்கைதான். தேர்ந்தெடுத்த சில பள்ளிகளுக்கு அரசாங்கம் கம்ப்யூட்டர் தரும். அதற்கு ஓர் ஆசிரியரைக் கோடை விடுமுறையில் கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். உதவித் தலைமையாசிரியருக்குத்தான் அந்த வாய்ப்பு முதலில் போனது. அவர் கணக்கு வாத்தியார், மூத்தவர். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு விடுமுறையில் டியூஷன். கடைசியில் தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு வயசு இருக்குது, போயிட்டு வாங்கம்மா. யாராச்சும் ஒருத்தர் போனதா காட்டணும்" என்றார்.

வீட்டில் கணவர் சொன்னார்: "மெசினு வராதுடி. இவங்க பேப்பர் அனுப்பறதோட சரி. நீ எதுக்குக் கொளந்தைய வுட்டுட்டுப் போய் அவ்ளோ தூரத்துல உக்காந்திருக்கணும்?"

ஆனாலும் போனேன். குழந்தையைக் கணவர் தன் அக்கா வீட்டில் விட்டார். நான் திரும்பி வந்தபோது குழந்தை அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னை யாரோபோலப் பார்த்தது. அத்தையைத்தான் அம்மா என்று கூப்பிட்டது. அதைச் சரிசெய்ய எனக்குப் பல நாளானது. அத்தை அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

கோயம்புத்தூரில் பயிற்சிக்கு வந்தவர்களில் பெண்கள் நாங்கள் சிலர்தான். ஒரு மெஷினுக்கு முன்னால் நான்கைந்து பேர் உட்கார வேண்டும். ஆண்கள் முதலிலேயே விசைப்பலகைக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். ஏதாவது பழுது வந்தால் மட்டும் எங்களுக்கு இடம் கிடைக்கும். முன்னால் இருப்பவர்கள் பயிற்சியாளரைக் கூப்பிட எழுந்து போய்விடுவார்கள். அந்த நேரத்தில் நான் மேஜைக்கு அடியில் நுழைந்து எந்த ஒயர் எங்கே போகிறது, எது கழன்றிருக்கிறது என்று பார்த்துவிடுவேன். அதனால் எனக்குப் பாடத்தைவிடப் பழுதுதான் நன்றாகத் தெரிந்தது. பயிற்சியாளர் வருவதற்குள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். "தானா சரியாயிடுச்சு சார்" என்று முன்வரிசைக்காரர் சொல்வார். நான் முந்தானையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு மறுபடி பின்னால் போய் நிற்பேன்.

வீட்டிலும் இதே கதைதான். புதிதாக வாங்கிய மிக்சி ஒருநாள் சுற்றாமல் நின்றபோது அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்குக் கரண்ட் தரும் கார்பன் துண்டு தேய்ந்திருந்தது. மாரண்டஹள்ளி எலெக்ட்ரிக் கடையில் புதுக் கார்பன் வாங்கிப் போட்டு ஓடவிட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டபோது மாமியார், "எம் புள்ளதான் ரிப்பேர் பண்ணுனான்" என்றார். கணவர் அங்கேயே நின்றிருந்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

டிராக்டரில் வந்த பெட்டிகள் தலைமையாசிரியை அம்மாவின் அறை மூலையில் பிரிக்காமல் கிடந்தன. அவர் மோசமானவர் அல்ல. ஓய்வு பெற அதிகக் காலம் இல்லை; பென்ஷனுக்கு எந்த இடைஞ்சலும் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. பிரித்தால் ஏதாவது உடையும், உடைந்தால் பதில் சொல்ல வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்தது. பெட்டிகளின் மேல் விடைத்தாள் கட்டுகளை அடுக்கினார்கள். பள்ளிக்கு வந்த ஓர் ஆய்வாளர், "இது என்ன, இன்னும் கட்டு பிரிக்கலையா?" என்று கேட்ட பிறகுதான், "பாத்துப் பிரிங்கம்மா. எனக்கு ஒண்ணும் வரக் கூடாது" என்று என்னிடம் கொடுத்தார்.

ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறிய அறையை நானும் பிளஸ் ஒன் பெண்களும் சேர்ந்து கழுவித் துடைத்தோம். பிரித்துப் பார்த்தால் பிளக்கின் கால்கள் பட்டையாக இருந்தன. நம் ஊர் சுவிட்ச் போர்டில் ஓட்டை உருண்டை. பயிற்சியில் இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உதவித் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "சீமைச் சாமான், நமக்கு ஒத்து வராதுன்னு அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தப் பிளக்கை வெட்டி எடுத்தேன். உள்ளே இருந்த ஒயரின் நிறங்களும் வேறு. நம்முடைய சிவப்பு, கறுப்பு, பச்சைக்குப் பதிலாகப் பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு. பெட்டியோடு வந்த தாளைப் படித்து எதற்கு எது என்று தெரிந்துகொண்டு உருண்டைக் கால் பிளக்கை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன ஒலி எழுப்பிவிட்டுத் திரையில் எழுத்து வந்தது. பெண்கள் கைதட்டினார்கள்.

ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கவில்லை. அந்த மெஷினுக்குள் பாடங்களை ஏற்றுவதற்கு டேப் ரிக்கார்டர்தான். கேசட்டைப் போட்டு ஓடவிட்டால் அதிலுள்ள கீச்சொலியைக் கேட்டு மெஷின் புரோகிராமைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு வந்த பெட்டிகளில் டேப் ரிக்கார்டர் மட்டும் இல்லை. காலை வணக்கப் பாட்டுக்கு வைத்திருந்த பழைய ரிக்கார்டரைத்தான் தந்தார்கள். போட்டால் பாதி ஓடும். பிறகு திரையில் 'டேட்டா?' என்று ஒரு கேள்விக்குறியோடு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே கேள்வி.

ரிக்கார்டரின் ஹெட்டை ஆய்வகத்து ஸ்பிரிட்டால் துடைத்தேன். சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். பயனில்லை. வாரக்கணக்கில் அந்தக் கேள்விக்குறியோடு போராடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை வணக்கத்தில் அதே ரிக்கார்டரில் பாட்டு ஓடும்போது கவனித்தேன். பாட்டு ஓர் இடத்தில் சற்று இழுத்துக்கொண்டு போனது. கரண்ட் குறையும்போது ரிக்கார்டர் மெதுவாகிவிடுகிறது. மனிதக் காது அதைப் பொறுத்துக்கொள்ளும், மெஷின் பொறுக்காது. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு ரிக்கார்டருக்கு டார்ச் பேட்டரி போட்டேன். புரோகிராம் முழுதாக ஏறியது. அந்த மகிழ்ச்சியை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஆசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். "பேட்டரிக்கு யாருங்க டீச்சர் குடுப்பாங்க?" என்றார் உதவித் தலைமையாசிரியர்.

கரண்ட் எப்போது குறையும் என்பதும் எங்களுக்குப் பழகிவிட்டது. சுற்றிலும் கிணற்றுப் பாசனம். தோட்டங்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் விடும் நேரத்தில் எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பிக்கும். பள்ளியில் பல்பு சிவந்துபோய் நிற்கும். மெஷினுக்குக் கரண்ட்டைச் சீராக்கித் தர வைத்திருந்த ஸ்டெபிலைசர் 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மெஷினைத் தொடக் கூடாது. எந்த வாரம் காலையில், எந்த வாரம் மதியத்தில் என்று எனக்குச் சொன்னவள் ஒரு பிளஸ் ஒன் மாணவி.

அவள் மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் கன்னடம் பேசும் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிவிட்டுப் பள்ளிக்கு வருவாள். வகுப்பில் பேச மாட்டாள். தமிழில் தப்பு வந்துவிடும் என்று கூச்சம். ஆனால் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கூச்சம் இருந்த இடம் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்த சில கட்டளைகளை வைத்து அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். மெஷின் உங்கள் பெயரைக் கேட்கும். பெயரை அடித்தால், அந்தப் பெயரைச் சொல்லிக் கன்னடத்தில், ஆங்கில எழுத்தில், 'ஊட்டா ஆய்த்தா?' என்று கேட்கும். சாப்பிட்டாயிற்று என்று அடித்தால் ஒரு பதில், இல்லை என்று அடித்தால், 'அப்படியானால் போய்ச் சாப்பிடு' என்று ஒரு பதில். பெண்களெல்லாம் வரிசையில் நின்று தங்கள் பெயரை அடித்துப் பார்த்தார்கள்.

"எப்படி இதைக் கன்னடத்துல கேக்கணும்னு தோணுச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்கு யாரும் எந்தப் பாசையும் சொல்லிக்குடுக்கலீங்க டீச்சர். தமிள்ல சொன்னாலும் ஒண்ணுதான், கன்னடத்துல சொன்னாலும் ஒண்ணுதான் அதுக்கு" என்றாள்.

அப்படி ஓர் அரை ஆண்டு ஓடியது. அவர்கள் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான், எங்கள் கம்ப்யூட்டர் அறையைத் 'திறந்து வைக்க' மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. ஏற்கெனவே திறந்து, ஓடிக்கொண்டிருந்த அறை. அதை மறுபடி மூடி, வாசலில் ரிப்பன் கட்டினார்கள்.

ஏற்பாடுகளை உதவித் தலைமையாசிரியர் எடுத்துக்கொண்டார். அதுவரை அந்த அறைக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மைதானத்தில் பந்தல், மைக் செட், சீரியல் விளக்கு, அதிகாரிக்கு வெந்நீர் வைக்க ஹீட்டர். மைக் செட்காரர் இவை எல்லாவற்றுக்கும் ஆய்வகத்து போர்டிலிருந்தே ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ச் சொன்னேன்: "சார், அதே லைன்லதான் கம்ப்யூட்டர் இருக்குது. இவ்வளவு லோடு தாங்காதுங்க. வேற போர்டுலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க."

"இதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்கறோம் டீச்சர். நீங்க ஆரத்தித் தட்டு ரெடியான்னு பாருங்க" என்றார்.

தலைமையாசிரியை அம்மாவிடம் போனேன். அவர் புதுப் பட்டுச் சேலையில் பதற்றமாக நடந்துகொண்டிருந்தார். "ஒரு நாளைக்குத்தானேம்மா. என்னா ஆயிடப்போவுது?" என்றார்.

அதற்குள் இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. மெஷினை ஓட்டிக்காட்ட நான் சொல்லிவைத்திருந்தது அந்தத் தக்காளித் தோட்டத்துப் பெண்ணை. அவள் அன்று தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சீருடையை இஸ்திரி போட்டு வந்திருந்தாள். உதவித் தலைமையாசிரியர் அவளை எழுப்பிவிட்டு, இங்கிலீஷ் பேசத் தெரிந்த வேறொரு பெண்ணை உட்கார வைத்தார். அந்தப் பெண் மெஷினைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. "ஒரே ஒரு பட்டன்தான் அமுக்கணும், யாரு அமுக்கினா என்ன?" என்று என்னிடம் சொன்னார். எழுந்தவள் பின்வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். பொட்டு வைத்தேன். ஊர்வலம்போல எல்லோரும் உள்ளே போனார்கள். கடைசியில் நான் போய்ச் சேர்ந்தபோது அறை நிறைந்திருந்தது. கதவருகே ஓரமாக நின்று பார்த்தேன்.

"நாங்க இந்த மெசினை வச்சு ரொம்ப முயற்சி எடுத்து வர்றோங்க சார். நாங்களே பிளக்கெல்லாம் மாத்தி, கரண்டு பிரச்சினையெல்லாம் சமாளிச்சு…" என்று உதவித் தலைமையாசிரியர் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஆசிரியர் அறையில் சொன்ன வார்த்தைகள்தான். அவர் அப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அன்று தெரிந்தது.

இங்கிலீஷ் பேசும் பெண் பட்டனை அமுக்கினாள். வெளியே மைக் செட்டில் நாதஸ்வரம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. விளக்குகள் ஒருமுறை மங்கின. ஸ்டெபிலைசர் விடாமல் 'டிக் டிக் டிக்' என்று அடித்தது. பிறகு எங்கேயோ மோட்டார்கள் நின்று சுமை குறைந்ததுபோல விளக்குகள் குப்பென்று பிரகாசமாயின. 'டப்' என்று ஒரு சிறு சத்தம். திரையில் இருந்த எழுத்தெல்லாம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் அணைந்தது.

உதவித் தலைமையாசிரியர் சட்டென்று திரும்பிக் கதவுப் பக்கம் கை காட்டினார். "இதுக்கு முழுப் பொறுப்பு அந்த டீச்சர்தாங்க சார். அவங்கதான் பாத்துக்கறாங்க. பிளக்கை வெட்டி மாத்துனதும் அவங்கதான்."

அதிகாரி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். அவர் புன்சிரிப்போடு, "பரவாயில்ல. கிராமப்புறத்துல இதெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு ஸ்டெபிலைசரை எடுத்துத் திருப்பினேன். அதன் பின்பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதைத் திருகினால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு மெல்லிய கம்பி. அதிகக் கரண்ட் வந்தால் அந்தக் கம்பி தான் உருகி மெஷினைக் காப்பாற்றும். அதுதான் போயிருக்கிறது என்று எனக்கு உறுதி. மூடியில் கை வைத்திருந்தேன்.

"தொடாதீங்கம்மா" என்றார் தலைமையாசிரியை. வாசலில் நின்றிருந்தார். பட்டுச் சேலை கசங்கியிருந்தது.

"ஃபியூஸுதாங்க மேடம். ஆய்வகத்துல வேற ஒண்ணு இருக்கும். மாத்திட்டா ஓடும்."

"ஒண்ணும் தொட வேணாம். வெளிய வாங்க."

அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. அரசு உடைமையைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கும், அனுமதியில்லாமல் மின் இணைப்பை மாற்றியதற்கும் விளக்கம் கேட்டிருந்தது. நான் நடந்ததை எழுதினேன். ஸ்டெபிலைசரின் ஃபியூஸ் மட்டுமே போயிருக்கிறது, மாற்ற அனுமதி வேண்டும் என்று முடித்தேன். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அவருடைய குரல் அன்பாகவே இருந்தது.

"ஃபியூஸுன்னு எழுதாதீங்கம்மா. அவ்ளோ பெரிய ஆபீசர் முன்னாடி ஃபியூஸு போயிதான் நின்னுச்சுன்னா நமக்கென்னா மரியாதை? உள்ள ஏதோ பெரிசா கெட்டுப்போச்சு, நம்ம கையில இல்லன்னு இருக்கட்டும்."

"அப்ப மாத்திடலாங்களே மேடம். ஓடிட்டா யாரும் கேக்கப்போறதில்ல."

"மேல எழுதியாச்சு. இப்ப நீங்க கை வச்சா, தடயத்தை அழிச்ச மாதிரி ஆயிடும். கம்பெனி ஆளு வந்து பாக்கட்டும்."

நான் விளக்கத்தைத் திருத்தி எழுத மறுத்துவிட்டேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தக்காளித் தோட்டத்துப் பெண் ஆய்வகத்துக்கு வந்தாள். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ்.

"மாரண்டள்ளியில வாங்கியாந்தேங்க. கடைக்காரர் பிஸ்கட் டப்பா நெறைய இதேதான் வச்சிருக்கார். இது போட்டா ஓடுங்களா டீச்சர்?"

வாங்கிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. "ஓடும்" என்றேன். அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். கூட உதவித் தலைமையாசிரியரும் உட்கார்ந்திருந்தார். அவர் ஃபியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "கடையில வாங்குன சாமானை கவர்மெண்டு மெசின்ல போட முடியாது டீச்சர். ஏதாச்சும் ஆச்சுன்னா, பசங்க வாங்கியாந்தாங்கன்னு எழுதுவீங்களா?" என்றார்.

திரும்பி வந்து அவளிடம் அனுமதி இல்லை என்று சொன்னேன். "ஏனுங்க?" என்றாள்.

அவள் பிளஸ் டூ படித்த அந்த வருடம் முழுக்க அறை பூட்டியே இருந்தது. போகிற வருகிற பெண்கள் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். துணி போர்த்தி வைத்திருந்தது தெரியும். தேர்வு எழுதிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அவளுக்கு அந்தக் கோடையிலேயே ராயக்கோட்டைப் பக்கம் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த கல்வி ஆண்டில் ஒருநாள் கம்பெனி ஆள் வந்தார். பெங்களூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார், இளவயது. தலைமையாசிரியை, உதவித் தலைமையாசிரியர், எழுத்தர், நான் எல்லோரும் சுற்றி நின்றோம். அவர் ஸ்டெபிலைசரைத் திருப்பினார். மூடியைத் திருகினார். கறுத்துப் போயிருந்த ஃபியூஸை எடுத்துப் போட்டுவிட்டுப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் பொருத்தினார். சுவிட்சைப் போட்டார். மெஷின் ஒலி எழுப்பியது, எழுத்து வந்தது. அவருக்காக வாங்கிவரச் சொன்ன டீ இன்னும் வந்து சேரவில்லை.

"இதுக்காங்க என்னைய வரச் சொன்னீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். "இங்க யாராவது போட்டிருக்கலாமே."

தலைமையாசிரியை வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவித் தலைமையாசிரியர்தான் பேசினார். "டெக்னிக்கல் விசயம் பாருங்க, நமக்குத் தெரியாதில்ல" என்று சிரித்தார். பெரும் பழுது நீக்கப்பட்டு நல்ல நிலையில் இருப்பதாக மேலே எழுதி அனுப்பினார்கள். அறையின் பொறுப்பும் சாவியும் உதவித் தலைமையாசிரியரிடம் போயின. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் திறந்து துடைத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்கள். அப்படித் திறந்த ஒருநாள் உள்ளே போய், தக்காளித் தோட்டத்துப் பெண் தன் புரோகிராமைப் பதிந்துவைத்திருந்த கேசட்டைத் தேடினேன். மேலட்டையில் அவள் எழுதியிருந்த எழுத்து அப்படியே இருந்தது. ரிக்கார்டரில் போட்டேன். கீச்சொலிக்குப் பதிலாக ஐயப்பன் பாட்டு ஓடியது. காலை வணக்கத்துக்கு வெறும் கேசட் கிடைக்காமல் யாரோ அதன் மேலேயே பதிந்திருந்தார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்து பாட்டு முடியும்வரை கேட்டேன்.

என்மேல் குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை; குற்றம் இல்லை என்றும் யாரும் எழுதவில்லை. நிர்வாக நலன் கருதி என்று ஒரு மாறுதல் உத்தரவு வந்தது. அரூரைத் தாண்டிச் சித்தேரி மலையில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே கரண்ட் கம்பமே இன்னும் வரவில்லை. உத்தரவைப் படித்துவிட்டுக் கணவர், "வூட்ல மிக்சிய நோண்டுற மாதிரி அங்கயும் நோண்டிக்கினு இருந்தா வேற என்னா பண்ணுவாங்க?" என்றார். மிக்சியைச் சரிசெய்தது அவர் என்று அதுவரை பேச்சு. என்மேல் குறை சொல்ல வேண்டியபோது மட்டும் அது என் கைக்கு வந்துவிட்டது.

குழந்தை மறுபடியும் அத்தை வீட்டுக்குப் போனாள். நான் திங்கட்கிழமை மலைக்குப் போய் வாரக் கடைசியில் திரும்புவேன். மலையில் சாமை விதைக்கிறவர்களும் கடுக்காய் பொறுக்குகிறவர்களும் தங்கள் பேட்டரி ரேடியோவைக் கொண்டுவந்து, "பேச மாட்டேங்குது, பாருங்க டீச்சர்" என்பார்கள். பெரும்பாலும் உள்ளே பேட்டரி தொடும் தகடுகளில் பச்சை பூத்திருக்கும். சுரண்டித் துடைத்துக் கொடுத்தால் பேசும். கொஞ்ச காலம் செய்தேன். பிறகு அங்கிருந்த மூத்த ஆசிரியர் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் ரிப்பேர் கடை நடத்துவதாகப் புகார் போகும் என்றார். நிறுத்திவிட்டேன். ரேடியோவோடு வந்தவர்களிடம் எனக்குத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகள் முடியும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் போகும் வழியில் பாலக்கோடு பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். தக்காளி மண்டியிலிருந்து காலிக் கூடைகளோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என்னிடம் வந்து நின்றாள். அவளேதான். முகம் மெலிந்திருந்தது. தமிழ் முன்பைவிட நன்றாகப் பேசினாள்.

எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். பள்ளியைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டில் புதிதாக டிவி வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

"படம் நல்லா தெரியுதா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க டீச்சர். ஒரு மாசமா படம் மேல மேல ஓடிக்கினே இருக்குது. நிக்கவே மாட்டேங்குது. மெக்கானிக்கு தர்மபுரியிலேர்ந்து வரணுமாம்."

"அதுக்கு மெக்கானிக் வேணாம்மா. பின்பக்கம் சின்னத் திருகு ஒண்ணு இருக்கும்…"

"தெரியுங்க" என்றாள். "ரெண்டாவது நாளே பாத்துட்டேன். இவுரு மண்டிக்குப் போயிருந்தப்ப லேசா திருப்பிப் பாத்தேன், நின்னுச்சு. அப்பறம் பழையபடியே ஓடட்டும்னு திருப்பி வெச்சுட்டேன்."

"ஏன்?"

"சரியாயிட்டா, யாரு தொட்டதுன்னு கேப்பாங்க." குழந்தையை இந்தப் பக்க இடுப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். "மெக்கானிக்கே வந்து பாக்கட்டுங்க. என்னா இப்ப, படம்தானே."

ராயக்கோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூடைகளையெல்லாம் மேலே போடச் சொல்லிக் கத்தினார். அவள் வருகிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.